வழக்கு நம்முடையது இல்லையாம்

ஏரியூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மாதேஷுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடுகளும் சுகம், சூரத்தில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்கத் தீர்த்தமலையானை வேண்டிக்கொள்கிறேன். போனில் உன் சித்தப்பன் பேச்சை எடுத்தாலே அவனைத் திட்டிவிட்டுக் கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் கண்ணு இந்தக் கடிதம், இதையாவது கடைசிவரை படி.

காட்டுப்பன்றிக்கு உன் சித்தப்பன் வைத்த கரண்ட் கம்பியில் உன் அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. முனியப்பன் கோயிலில் ஊர் கூடியபோது, அண்ணன் விடியுமுன்னே மோட்டார் போட வருவார் என்று தெரியாது என்று பச்சியப்பன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான், நானும் அழுது ஓய்ந்து சரி என்றேன். அதோடு முடிந்தது என்றுதான் ஊரே நினைத்தது. போன வாரம் எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அரசு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்து, எங்க வூட்டுச் சாவுங்க, நாங்களே பேசி முடிச்சிட்டோம், வுட்டுடுங்க என்றேன். அந்தம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள், பாகத் தகராறுன்னா நீங்க முடிச்சிக்கலாம், உயிர் போனா அது அரசாங்கத்தோட கேஸும்மா, கொல்லணும்னு நெனைக்காட்டியும் கம்பியில கரண்ட் வுட்டா ஆள் சாவும்னு தெரியாதா, நீங்க சாட்சி மட்டுந்தான் என்று. தாலி போனது எனக்கு, வழக்கு மட்டும் அரசாங்கத்துக்கா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை சாமி.

நீ அவனை விடாதே என்கிறாய். பிடித்து வைக்கவும் விடவும் நான் யார்? முந்தின நாள் சாயங்காலம் அவன் மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், சும்மா வேலிக் கம்பி என்று நினைத்தேன். அதைச் சொன்னால் அவன் உள்ளே போவான், அவன் பிள்ளைகள் தெருவில் நிற்கும். சொல்லாவிட்டால் உன் அப்பா சாவுக்கு யாருமே காரணமில்லை என்றாகும். ஜாமீனில் வந்த நாளிலிருந்து நம் கடலைக்கும் அவன்தான் தண்ணீர் கட்டுகிறான், வாசப்படி மட்டும் ஏறுவதில்லை. நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க அண்ணி, எனக்காவப் பொய் சொல்லாதீங்க என்றான். திட்டவாவது தோன்றியதா, அதுவும் இல்லை, அழுகைதான் வந்தது.

புதன்கிழமை தர்மபுரி கோர்ட். காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அவன் வண்டியை விட்டால் எனக்குப் போக வழியில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் தப்பாகிவிடும் என்று அவன் வக்கீல் சொன்னாராம். பஸ் ஸ்டாண்ட்லயே எறக்கி வுட்டுடறேன், நீங்க முன்னாடி போங்க, தெரியாதவனாட்டம் பின்னாடி வரேன் என்கிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. அப்பா திதிக்கு இப்போதே லீவு சொல்லி வை. முனியப்பன் உனக்குத் துணை இருப்பான். ஒன்று மறக்காதே, புதன்கிழமை காலையில் போன் பண்ணி அவனைத் திட்டாதே கண்ணு, அப்போது அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பேன், அவன் காதில் விழும்.

உன் அம்மா,
சின்னம்மாள்