இரண்டாம் ஃபாரம் கட்டிய பாட்டு

12 ஜூலை 1943, திங்கள்

காலையில் மழை. இரண்டாம் ஃபாரம் பாட்டு வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். ஆதி தாளம் போடச் சொன்னேன். தட்டியபின் விரல் எண்ணுவதைச் சுண்டுவிரலில் ஆரம்பிக்க வேண்டும் என்பதே இன்னும் மறந்து போகிறது இந்தப் பெண்களுக்கு. சலித்துப்போய், "சரி, நாமளே ஒரு பாட்டு கட்டுவோமா?" என்றேன்.

அன்வரி கண்ணை அகல விரித்தாள். "பாட்டெல்லாம் பெரியவங்கதானே கட்டுவாங்க டீச்சர்?"

எதைப் பற்றிக் கட்டலாம்? நிலா என்றார்கள், ரோஜா என்றார்கள், முருகன் என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து தேவானை: "தெரு வெளக்கு டீச்சர். ஜப்பான் சண்டைன்னு கறுப்பு பூசி மூடி வச்சிக்கீறாங்களே. எங்க நைனா இருட்டுல வந்துகினு இருந்தப்போ சாக்கடையில வுழுந்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போர்டில் எழுதினேன்: தெரு விளக்கு.

20 ஜூலை

மோகனத்தில் மெட்டு. ஐந்தே ஸ்வரம், குழப்பமில்லை. பல்லவியில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. 'முக்காடு' அன்வரி கொடுத்தது.

முக்காடு போட்ட விளக்கே — உன்
முகத்தைக் காட்டுவ தெப்போ?

நாள் முழுக்க இதையே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன்.

27 ஜூலை

சரணத்தில் மாட்டிக்கொண்டோம். 'சந்தில் வெளிச்சம் வருவதெப்போ, சண்டை முடிந்து போவதெப்போ.' ஏதோ இடித்தது. விசாலாக்ஷியைக் கூப்பிட்டேன். தமிழ் எடுப்பவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் அவளும் ஒரே மேஜையில்தான் சாப்பாடு. அம்மா போனபோது என் வீட்டிலேயே வந்து தங்கியவள்.

போர்டைப் பார்த்தாள். சாக்பீஸை வாங்கினாள். "ரெண்டாம் எழுத்து ஒத்து வந்தாத்தான் எதுகை. சந்துக்கு என்ன வரும், சொல்லுங்கோ பாப்போம்?" சண்டையை அழித்துவிட்டு எழுதினாள்:

வந்தவர் கிளம்பிப் போவதெப்போ?

பெண்கள் கை தட்டினார்கள். வராந்தாவில் கேட்டேன், "வந்தவர்னா யாரு விசாலம்?"

"விருந்தாளின்னு வெச்சுக்கோயேன்" என்று சிரித்தாள். "பயமா இருக்கா? நான் இருக்கேனே."

எனக்கும் உள்ளே சிலிர்த்தது. பொய் சொல்வானேன்.

13 ஆகஸ்ட், வெள்ளி

ஆண்டு விழா. அந்த அடி வந்ததும் பின்வரிசையில் ஒரே கைதட்டல். "இன்னொரு தபா!" என்று யாரோ கத்தினார். பெண்கள் குஷியில் மறுபடியும் பாடினார்கள். முன்வரிசையில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்ட்ரஸின் காதில் குமாஸ்தா என்னவோ சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள்.

16 ஆகஸ்ட்

விசாலம் சாப்பிட வரவில்லை. தலைவலியாம்.

18 ஆகஸ்ட்

பள்ளிக்கூடக் கமிட்டி கூடியது. எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கரஸ்பாண்டன்ட் கேட்டார்: "அந்த வரி யாருடையது?"

அவளே சொல்லட்டும் என்று அவளைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பாட்டு கிளாஸ்ல என்ன நடக்கறதுன்னு நான் பார்க்கறதில்லை. தேவானைன்னு ஒரு பொண்ணு... அவ அப்பா காங்கிரஸ் கொடி பிடிக்கறவர்னு கேள்வி. அவதான் எழுதியிருப்பா."

பாவி. ஒரு குழந்தை மேலயா போடுவே? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னாளே — கண்ணுகூட இமைக்கல!

தேவானையை நீக்குவது என்றார்கள். அவள் அப்பாவைப் போலீஸ் விசாரிக்கட்டும் என்றார் ஒருவர். வகுப்பையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டால்? ஒரு டீச்சரைக் காட்டிக்கொடுக்கிற வேலையை அந்தப் பிள்ளைகளுக்கு வைப்பதா?

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

விசாலம் தரையைப் பார்த்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெயர் கெடும், போலீசுக்குப் போக வேண்டாம் என்று முடிவு. இன்றிலிருந்து எனக்கு வேலை இல்லை.

19 ஆகஸ்ட்

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருவாள் என்றா? வெட்கமாயில்லையா எனக்கு?

11 செப்டம்பர்

ராயப்பேட்டையில் ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். இன்று கச்சேரி ரோட்டில் அன்வரியைப் பார்த்தேன். தேவானை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வருகிறாளாம். பாட்டு வகுப்பு இப்போது விசாலாக்ஷி டீச்சருக்காம். "சரளி வரிசை மட்டும்தான் டீச்சர். பாட்டு கட்டக் கூடாதுன்னுட்டாங்க."

6 நவம்பர், சனி

லஸ்ஸில் டிராமுக்கு நின்றபோது, பக்கத்தில் அவள்.

"எப்படி இருக்கே சுலோ?"

டிராம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"ஆத்துக்காரருக்கு சர்க்கார் உத்தியோகம். நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும், நீயே சொல்லு."

டிராம் வருவது தெரிந்தது. அவள் இன்னும் நெருங்கி, ரகசியம் போலச் சொன்னாள்: "எங்க தெருக் குழந்தைகள்கூட அதைப் பாடறதுகள், தெரியுமோ? அந்த வரி... நன்னாத்தான் விழுந்திருக்கு, இல்லையோ?"

முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மன்னிப்புக் கேட்க வந்த முகமில்லை அது.

"அது நான் எழுதின வரி" என்றேன். "கமிட்டியில கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

ஏறி உட்கார்ந்தேன். அவளுக்கும் அதே டிராம்தான். ஏறவில்லை.