உப்புத் தண்ணீர் போகும் வழி

மார்ச் 14, வெள்ளி

எட்டடி மீன்தொட்டியை இன்று கூடத்தில் வைத்தாகிவிட்டது. நான் வளர்க்கப்போகும் களவா, கடல் மீன், இரண்டு முழம் வளர்ந்தாலும் இடம் போதும். பம்பை வாளித் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்தேன், அதுவும் இன்வெர்ட்டரும் நன்றாக ஓடுகின்றன.

பின்பக்கம் நெல் போட்டிருக்கும் வளர்மதி அக்கா வந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை, வாய்க்காலுக்கு நான் விட்டிருந்த கழிவுக் குழாயைத்தான் பார்த்தார்.

"மாத்துற உப்புத் தண்ணிய இதுலயாபா வுடுவ? என் கழனிக்கு வந்தா பயிரு கருகிப் பூடும்."

நான் அதை யோசிக்கவே இல்லை.

"கேன்ல புடிச்சி வீராம்பட்டினம் கடல்லயே ஊத்திடறேன்க்கா. புதுத் தண்ணி எடுக்க அங்கதான போவணும்," என்றேன்.

உடனே குழாய் வாயை மூடி ஒட்டினேன். பசை காயும்வரை அக்கா நகரவில்லை. சுருக்கென்றது. அவர் இடத்தில் இருந்தால் நானும் நின்றிருப்பேன். ஞாயிறன்று தண்ணீர் நிரப்புகிறேன். தொட்டியைப் பார்க்க முதலில் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.