சனிக்கிழமைத் தாள்

மாமா,

கடைக்கு எதிரில் வேர்க்கடலைத் தள்ளுவண்டிக்காரர் மல்லாட்டை அவிக்கிற பானையின் மூடியைத் திறந்துவிட்டார். உப்பும் செம்மண்ணும் கலந்த அந்த ஆவி, விழுப்புரத்து பஸ் புகையைத் தாண்டி நேராக என் கவுண்டருக்கு வந்து நிற்கிறது. கண் சோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவரைக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, என்னை அறியாமல் காலண்டரில் இன்றைய தாளைக் கிழித்துவிட்டேன். "இன்னும் பொழுதே போவலியே, அதுக்குள்ள கிழிச்சிட்டீங்க?" என்று கேட்டார் அவர். நாளைக் காலை சண்டை என்று சொல்லியிருந்தால் எந்தக் குடும்பத்தில் என்று கேட்டிருப்பார்.

அதே குத்துச்சண்டைதான் மாமா. பங்குனியில் நடக்க வேண்டியது, சாம்பியன் பயிற்சியில் கையை உடைத்துக்கொண்டதால் தள்ளிப்போய், ஆறு மாதம் கழித்துப் புரட்டாசியில் வந்திருக்கிறது. ஒரு வாரமாக போனைத் திறந்தால் கணிப்புதான். சாம்பியனுக்கு வயதாகிவிட்டது, எட்டாவது ரவுண்டைத் தாண்ட மாட்டான் என்கிறார்கள். புதுப்பையனுக்கு அனுபவம் போதாது, பெரிய மேடையில் கால் நடுங்கும் என்கிறார்கள். நேற்று இரண்டு பேரும் எடை போட மேடை ஏறினார்கள். நான் காலைத்தான் பார்த்தேன்.

"வயித்தப் பாக்காத, காலப் பாரு. தராசுல ஏறும்போது எந்தக் கால் முதல்ல தயங்குது பாரு" என்பீர்கள். ஹெவிவெயிட்டில் எடைக்கு மேல்வரம்பே கிடையாது, அப்புறம் எதற்கு எடை போடுகிறான் என்று ஒரு தடவை கேட்டேன். "நமக்காகத்தான் மாப்ள. சண்டைக்கு முன்னாடி ரெண்டு நாளு நாம பாத்துப் பேசிக்கினு இருக்க வேணாமா?" என்றீர்கள். அந்த இரண்டு நாளுக்காகத்தான் நீங்கள் வாழ்ந்தீர்கள் என்று சொன்னால் அக்கா சண்டைக்கு வருவாள். வந்தால்கூட நல்லதுதான். அவள் என்னோடு சண்டைகூடப் போடுவதில்லை.

துபாயில் வேலைக்கு இருந்தபோது கேம்ப்பில் யாரோ பார்க்கப் போய் உங்களுக்கு ஒட்டிக்கொண்ட பைத்தியம் அது. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டபோது, முதலில் வாங்கியது கருவி இல்லை, டிவி. சின்ன எடைக்காரர்களின் சண்டையை நீங்கள் மதித்ததே இல்லை. "அதுல புள்ளி எண்ணிக்கினு உக்காரணும். ஹெவிவெயிட்டுல கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஒரு அடி போதும், எல்லாம் மாறிடும்" என்பீர்கள். பட்டத்துக்கான சண்டை என்றால் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நான் விழுப்புரத்திலிருந்து வந்து இறங்க வேண்டும். அக்கா அவித்த மல்லாட்டையைக் கூடையோடு கொண்டுவந்து, செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பச்சப்புள்ளைங்க" என்று முனகிக்கொண்டே போவாள்.

முந்தின நாளே போனில் கணிப்பு முடிந்திருக்கும். கடைக் காலண்டரில் சனிக்கிழமைத் தாளைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போடுவீர்கள். இடப்பக்கம் 'மாப்ள'. வலப்பக்கம் 'நான்'. முதலில் நான் சொல்ல வேண்டும், பிறகு நீங்கள் அடுத்தவனை எடுத்துக்கொள்வீர்கள். தோற்றவர் மல்லாட்டை உரிக்க வேண்டும், ஜெயித்தவர் சாப்பிட வேண்டும். பதினோரு வருஷம் நான் உரித்தேன்.

சும்மா சொல்லவில்லை. ஒரு தடவைகூட என் ஆள் ஜெயித்ததில்லை. உலகமே ஜெயிப்பான் என்று சொன்னவனை நான் சொன்ன மறுநாள், அவன் இரண்டாவது ரவுண்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சண்டை சமனில் முடிந்த ஒரு தடவையும், சமனில் மட்டும் முடியாது என்று சொல்லிவைத்திருந்தவன் நான்தான். "உன் வாய்க்கு ஒரு கோயில் கட்டணும் மாப்ள. நீ சொன்னதுக்கு எதிரா நின்னா போதும், மனுசன் கரையேறிடுவான்" என்று கூடையை என் பக்கம் தள்ளுவீர்கள்.

ஒரு தடவை ஏமாற்றிப் பார்த்தேன். மனசில் ஒருவனை வைத்துக்கொண்டு வாயில் மற்றவனைச் சொன்னேன். வாயில் சொன்னவன்தான் விழுந்தான். உண்மையை ஒப்புக்கொண்டபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "வாய்தான் கணக்கு மாப்ள. மனசெல்லாம் சேத்தி இல்ல."

அந்தச் சிரிப்பு வேடிக்கையாக இருந்தது, ஆஸ்பத்திரி வரைக்கும்.

பங்குனியில் உங்களுக்கு நெஞ்சில் நீர் கட்டி, இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று சொல்லி விழுப்புரத்தில் சேர்த்தார்கள். படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு. அப்படி இருந்தும் போனில், "சனிக்கிழமைத் தாள மறக்காம கிழிச்சாந்துடு, நாளைக்கு சண்டை" என்றீர்கள். மதியம் பார்வையாளர் நேரத்தில் தாளோடு வந்தேன். வந்து உட்காரும்போதுதான் போனில் செய்தி வந்தது. சாம்பியனுக்குக் கை உடைந்துவிட்டது, சண்டை தள்ளிவைப்பு. உங்களிடம் காட்டினேன். ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு தாளை வாங்கிப் பார்த்தீர்கள். உங்கள் ராசிக்கு 'சுகம்' என்று போட்டிருந்தது.

"தாளு வீணாப் போவுதே மாப்ள. வேற சண்டை ஒண்ணு சொல்றேன். நான் வூட்டுக்குப் போவனா, மாட்டனா? நீ சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் கண் சிரிக்கவில்லை மாமா. மற்றவர் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? போவீங்க என்று சொல்ல வாய் வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தவன் ஞாபகத்துக்கு வந்தான். என் வாயில் வந்து எவன் பிழைத்தான்? ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீங்கள் விடவில்லை. "ஜல்தி சொல்லு, உங்கக்கா வந்துடுவா" என்றீர்கள்.

"தேற மாட்டீங்க மாமா" என்றேன். அது போதாது என்று பட்டது. ஊன்றிச் சொல்ல வேண்டும் என்று இன்னும் ஒன்றைச் சேர்த்தேன். "இந்த தடவ நீங்க வூட்டுக்கு வர மாட்டீங்க. எழுதி வெச்சுக்கோங்க."

கஞ்சித் தூக்கோடு அக்கா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள்.

அவளுக்கு நம் விளையாட்டு தெரியாதது இல்லை. ஆனால் அவள் அன்றைக்கு அந்த வாசலுக்குள் விளையாட்டு எதையும் கொண்டுவரவில்லை. "வெளிய போடா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. நீங்கள் கையை ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தீர்கள். "அடியே, அவன் சொன்னது வேற..." என்று ஆரம்பித்ததும் இருமல் வந்துவிட்டது. அவள் உங்கள் முதுகைத் தடவப் போனாள், நான் வராந்தாவுக்குப் போனேன். சுவரில் சாய்ந்துகொண்டு, உள்ளே போவதா கடைக்குத் திரும்புவதா என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டீர்கள். மூக்குக் கண்ணாடியைப் பெட்டியோடு என் கையில் கொடுத்து, "காது லூசா கீது, முடுக்கி எடுத்தா" என்றீர்கள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் திறக்காமலே பைக்குள் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் போய்விட்டீர்கள். பதினோரு வருஷத்தில் நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அக்கா தோளில் போட வேண்டியவன் நான். போட்டேன். புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது, எனக்குக் கருநாக்கு என்று. இப்போது சொந்தத்தில் பெண் பார்க்கப் போனால் என்னைக் கூப்பிடுவதில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று நான் சொன்னால்கூட, களத்தில் காயப்போட்டவர்கள் முறைக்கிறார்கள். பதினோரு வருஷம் சொன்னது எதுவும் பலிக்காத ஒருவனுக்கு இந்தப் பெயர். உங்களுக்குத்தான் மாமா இதற்குச் சிரிக்கத் தெரியும்.

ஒரு வாரம் கழித்துக் கடையில் உங்கள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். காது லூசாக இல்லை. திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு அடியில் நான்காக மடித்த அந்தச் சனிக்கிழமைத் தாள். நடுவில் கோடு. மடியில் வைத்துப் போட்டதில் கோடு வளைந்திருந்தது. இடப்பக்கம்: 'மாப்ள - தேற மாட்டேன்.' வலப்பக்கம்: 'நான் - தேறுவேன். வூட்டுக்கு வந்து மல்லாட்டை துன்னுவேன்.' கீழே, அவசரத்தில் கிறுக்கியதுபோல: 'கரெக்டா சொன்ன மாப்ள. இப்பதான் தெம்பா கீது.'

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நான் எதற்கு அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குப் புரிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் இருந்திருக்கிறீர்கள். முதல் தடவையாக உங்கள் பக்கம் தோற்றுவிட்டது.

மறுநாளே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். தாளைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், உங்கள் கையெழுத்தை அக்கா நம்புவாள். தெரு முனையில் இறங்கி நடந்தேன். துக்கம் கேட்க யாரோ வந்திருந்தார்கள். உள்ளே அக்காவின் குரல் கேட்டது, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்திச்சிம்மா. போற நாள் தெரிஞ்சேதான் இருந்தாரு. மனசுல ஒரு ஆசையும் வெச்சிக்கல. நிம்மதியாதான் போனாரு. அது ஒண்ண நெனச்சுதான் ரெண்டு வாய் துன்றேன்."

சட்டைப் பையில் தாள் இருந்தது. 'வூட்டுக்கு வந்து மல்லாட்டை துன்னுவேன்' என்று நீங்கள் எழுதிய தாள். அதைக் கொடுத்தால் என் பழி போகும். கூடவே அவள் சாப்பிடுகிற அந்த இரண்டு வாயும் போகும். செருப்போடு வந்தவன் செருப்போடு திரும்பினேன். நாய்கூடக் குரைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு தடவை போயிருக்கிறேன் மாமா. நான்கு தடவையும் தாள் பையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் யாரிடமாவது அதே வார்த்தையைச் சொல்கிறாள், அல்லது சொன்னாள் என்று என் மனைவி வந்து சொல்கிறாள். கிழித்துப் போடவும் முடியவில்லை. கொடுக்கவும் முடியவில்லை. எனக்குச் சாட்சி இருக்கிறது, அதைக் கூப்பிட வாய் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்க உங்களைத் தவிர ஆள் இல்லை, நீங்களோ என்னை இந்த நிலையில் விட்டுவிட்டுப் போனவர். கோபமாகத்தான் இருக்கிறது.

பெரியவர் கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன் இன்னும் கணித்துக்கொண்டிருக்கிறது. எடை போடும்போது சாம்பியனின் இடது கால்தான் தயங்கியது, நான் பார்த்தேன். நீங்கள் இருந்தால் அதை வைத்தே சாயங்காலம் முழுக்கப் பேசியிருப்பீர்கள். யார் ஜெயிப்பான் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லி, எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? நாளைக் காலை என் ஆள் விழுந்தாலும் நின்றாலும், உரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஒரு கையும் இல்லை.

கிழித்த தாள் மேஜையில் கிடந்தது. பழக்க தோஷம், திருப்பிப் போட்டு நடுவில் கோடு இழுத்தேன். இடப்பக்கம் எழுதினேன்: 'மாப்ள - அக்கா இனிமேல் என்னோடு பேசவே மாட்டாள்.' ஊன்றித்தான் எழுதினேன், வாய்விட்டும் ஒரு தடவை சொன்னேன். என் வாய்க்கு இன்னும் அந்தப் பழைய குணம் கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா என்று ஒரு நப்பாசை.

வலப்பக்கம் 'மாமா' என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேசுவாள் என்று நீங்கள் எழுத வேண்டிய இடம் அது. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் எழுதினால் ஆட்டம் செல்லாது. அப்படியே மடித்து, உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.