மூன்றாவது ஆள்

786

கோவளம்,
12-9-1976

அன்புள்ள மாப்பிள்ளை நூர்முகமதுவுக்கு, மாமா ஜெயினுலாபுதீன் சலாம் கூறி எழுதச் சொன்னது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் மோசஸ் பேனாவைத் திறந்தான். அதை எழுதாதே என்றேன். எழுதினாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நீங்கள் பம்பாயில் ஒரு டீக்கடையில் நிற்பதைப் பார்த்ததாக நம்ம ஊர் லட்சுமணன் வந்து சொன்னான். விலாசமும் அவன் கொடுத்ததுதான். நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்த அன்றைக்குத்தான் என் பொண்ணு ஷஹர்பானு கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. இனிமேல் நடப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளில் கையை வைத்தார். உங்கள் மாமி அமீனா பீவிதான் அவளைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். முதுகில் புண் வந்துவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போய்வந்தேன். பானுவுக்கு ஒன்றும் கிடையாதாம்.

பழைய பியட் காரை வாங்கிய அன்று செங்கல்பட்டில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு கோதண்டராமன் வீட்டில் நாம் பேசிய பேச்சு ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. எழுத்து தெரியாதவனுக்குக் காதுதானே எல்லாம். ஓட்டப்போகிறவர் புதுசு, கார் பழசு, முழு இன்சூரன்ஸ் போட்டால் செலவு கூடுதல், அப்படியும் சின்னச் சேதம் உங்கள் தலையில்தான் விழும் என்றார். சட்டத்துக்குத் தேவை தேர்டு பார்ட்டி மட்டும்தான், அது சல்லிசு என்றார். உள்ளே உட்காருகிறவர்களுக்கும் வேண்டுமானால் தனியாகக் கொஞ்சம் கட்டிச் சேர்க்கலாம் என்றும் சொன்னார். மறைக்கவில்லை, சொல்லத்தான் செய்தார்.

தேர்டு பார்ட்டி என்றால் யார் என்று நீங்கள் கேட்டீர்கள். மூணாவது ஆளு என்றார் அவர். நான் விரலை மடக்கினேன். "கார் வாங்குன நான் ஒண்ணு, ஓட்டுற மாப்ள ரெண்டு, குந்திகினு வர்ற எம் பொண்ணு மூணு. அப்பால அவளுக்கு இன்னாத்துக்கு சார் இன்னொரு தபா கட்டணும்?" என்றேன். கோதண்டராமன் விழுந்து விழுந்து சிரித்தார். "கணக்குல உங்கள அடிச்சுக்க ஆளு கெடையாது பாய்" என்றார். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டார். நான் தமாஷ் பண்ணவில்லை, மாப்பிள்ளை. நீங்களும் பண்ணவில்லை. பானுவுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில்தான் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

இப்போது சொல்கிறார்கள், கார்க்காரன் ஒன்றாம், கம்பெனி இரண்டாம், ரோட்டில் போகிற வெளியாள்தான் மூன்றாம். நம்ம பானு எந்த எண்ணிக்கையிலும் வரவில்லை.

மூன்றாவது ஆள் பட்டிபுலம் சின்னராசு. சதுரங்கப்பட்டினம் கல்யாணத்துக்குப் போய் நீங்கள் இரண்டு பேரும் திரும்பி வரும்போது, சைக்கிளில் சவுக்குக்கட்டை ஏற்றிக்கொண்டு முன்னால் போனவன். கார் அவன்மேல் மோதிவிட்டுத்தான் புளியமரத்தில் போய் நின்றது. அவன் பெயர்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியவேண்டும் என்றுதான் எழுதச் சொல்கிறேன்.

அவன் பெண்சாதி எல்லம்மாள் போன வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் நேரே உள்ளே போய்ப் பானு கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினாள். "எங்கூட்டுக்காரரு மூணாவது ஆளாமே. உசுரோட இருக்க சொல்லோ ஒருத்தனும் அவர ஒரு ஆளா எண்ணல. செத்தப்பால எண்ணுறானுங்க" என்றாள். பானு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு வரவேண்டியதும் இப்போது நின்றுபோய்க் கிடக்கிறது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்று கம்பெனி கேட்கிறது. இல்லையென்றால் அவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள், நான்தான் கொடுக்கவேண்டும். நம்பர் தெரிந்தால் போதும், ஆபீசில் எடுத்துவிடலாம் என்கிறார் வக்கீல். காதில் விழுந்ததை நான் மறந்ததே இல்லை. உங்கள் நிக்காஹில் யார் யார் என்ன பேசினார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்த நம்பரை மட்டும் நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

இந்த இடத்தில் மோசஸ் பேனாவை நிறுத்திவிட்டான். அடுத்து நான் சொன்னதை "எழுதட்டா பாய், வாணாமா?" என்று கேட்கிறான். எழுது என்றேன்.

மெட்ராஸிலிருந்து வந்த அன்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, லைசென்ஸ் வந்துவிட்டது மாமு என்றீர்கள். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஓட்டத் தேறியவருக்குக் கொடுப்பது சின்னப் புத்தகமாக இருக்குமாம். பழகுகிறவருக்குக் கொடுப்பது ஒற்றைத் தாளாம். நான் கண்ணில் ஒற்றியது மடித்த தாள். அந்த மடிப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. வக்கீலிடம் புத்தகம் பார்த்தேன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். எல்லம்மாளும் அதை நம்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு புத்தகமும் வந்து, என்னிடம் காட்ட மறந்திருந்தீர்களானால், ஒரு போஸ்ட் கார்டில் நம்பரை மட்டும் எழுதிப் போடுங்கள். வேறு ஒன்றும் எழுதவேண்டாம். வரவே இல்லையென்றால் அதையாவது எழுதுங்கள். வீட்டை விற்று எல்லம்மாளுக்குக் கொடுத்துவிடுகிறேன். அப்புறம் பானுவை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. துஆவுக்குக் கையேந்தினாலும் வாயில் வார்த்தை நிற்கமாட்டேன் என்கிறது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் "நாஸ்தா வாங்கியாறேன் மாமு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். யார் வந்து கேட்டாலும் பானு அதையேதான் சொல்கிறாள், அவர் நாஸ்தா வாங்கப் போயிருக்கிறார் என்று. ஓடிப்போனார் என்று அவள் காதுபட யாரும் சொல்லக்கூடாது.

அல்லாஹ் உங்களைக் காப்பாற்றட்டும். தாளோ புத்தகமோ, எதுவாக இருந்தாலும் வந்துவிடு நூரு.

வஸ்ஸலாம்.

உன் மாமு
ஜெயினுலாபுதீன் கைநாட்டு

எழுதியது: மோசஸ்