சின்ன எழுத்துக்காரி

9 ஒக்டோபர் 2000, திங்கள். வவுனியா

மூட்டமாக் கிடக்கு, மழை இல்லை. புழுக்கம். கரண்ட் பத்து மணிக்கே போச்சு. ஜெனரேற்றருக்கு டீசல் மிச்சம் பிடிக்கவேணுமாம்.

செய்யவேண்டியது: தைக்கக் குடுத்த செருப்பு. சவர்க்காரம். ஆமிக்குக் காட்டுற பாஸ் கடிதம் ரெண்டு, எனக்கு ஒண்டு, லெட்சுமிக்கு ஒண்டு. (இனி லெ. எண்டுதான் எழுதுவன். முழுப்பேர் எழுதக் கை கூசுது.)

பின்னேரம் ஒப்பிஸ் பெரியவர் பாலா சேர் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். பம்புப் புத்தகம் இந்த மாசத்தோட முடியுதாம். கார்த்திகையில இருந்து ஒப்பரேட்டர் ஒராள்தான். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, “ஆரின்ர பாதியில லிங்க் கூடுதலா அறுந்திருக்கோ, அவைக்கு நான் ஒண்டும் செய்யேலாது பிள்ளையள்” எண்டார். இதைச் சொல்லேக்கை முகத்தைப் பாக்கேல்லை மனிசன்.

பம்புப் புத்தகம் எண்டது கடதாசிப் புத்தகம் இல்லை. எல்லாம் கொம்பியூட்டருக்குள்ள. வன்னியில ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம், அந்த ஊர்த் தண்ணிப் பம்பு என்ன இனம், என்ன சாமான் போடவேணும். நீல எழுத்தை அமத்தினா அடுத்த பக்கம் வரவேணும். வராட்டி லிங்க் அறுந்திட்டுது. என்ர பாதி முல்லைத்தீவுப் பக்கம். லெ.யின்ர பாதி மாங்குளத்தில இருந்து பூநகரி வரை.

ஆர் இருந்து எல்லாத்தையும் அமத்திப் பாக்கிறது எண்டு சேர் தலையைச் சொறிஞ்சார். தானாப் பாக்கிற ஒரு புரோகிராம் நான் எழுதுறன் எண்டன். வாய் முந்திட்டுது.

லெ.: “நல்லதுங்க மலரக்கா. மெசின் பாத்தா பாரபட்சம் இருக்காது.”

அவளும் அவளின்ர ‘ங்க’வும்.

10, செவ்வாய்

செருப்பு எடுத்தாச்சு. தையல் சரியில்லை, குத்துது.

லெ. இருக்கிறது இடம்பெயர்ந்த ஆக்களின்ர முகாமில. சொந்த இடம் ஜெயபுரம், தேப்பன் காலத்தில மலைநாட்டில இருந்து வந்த ஆக்கள். இங்க பிறந்து வளந்தும் ‘ஓம்’ வராது, ‘ஆமா’. ரைப் அடிக்கப் பழகினது முகாமுக்குள்ள ஆரோ நடத்தின வகுப்பில. நான் யாழ்ப்பாணத்தில ஒழுங்காப் படிச்சு சேர்ட்டிபிக்கற் எடுத்தனான். ரெண்டு பேருக்கும் ஒரே மேசை.

ஒரே கீபோட் இல்லை. அது நான் பாத்துக்கொண்டனான். இங்கிலிசுப் பெரிய எழுத்துப் போடுற கட்டையள் செத்துப்போன பழசை அவளுக்குத் தள்ளிவிட்டு அஞ்சாறு மாசம். புதுசு கேப்பாள் எண்டு பாத்தன், கேக்கேல்லை. ஊர்ப்பேர், ஆக்கள்பேர் எல்லாம் சின்ன எழுத்தில அடிச்சுக்கொண்டு இருக்கிறாள். மாங்குளத்துக்கே மரியாதை இல்லை. சின்ன எழுத்துக்காரி எண்டு நான்தான் பேர் வைச்சது. இப்ப டிரைவரும் சொல்லுறான். அவளும் சிரிக்கிறாள், விசரி.

பாஸ் கடிதம் அடிச்சன். அவளின்ர பேரை அடையாள அட்டையில உள்ளபடி, இங்கிலிசில எல்லுக்குப் பிறகு ஈ. போன வருசம் நான் ஏ போட்டு அடிச்சு, முகாம் கேற்றில ஆமிக்காரன் ஒரு பகல் முழுக்க மறிச்சு வைச்சிருந்தவன். பேரைத் திருத்தி எழுதினது பிழையோ? லட்சுமி எண்டுதான் எழுதவேணும். சேர் என்னைத்தான் ஏசினார், “அட்டையில கிடக்கிற மாதிரி அடியும், உம்மட தமிழ்ப் புலமையைக் கேற்றில காட்டாதையும்” எண்டு. அவளுக்கு முன்னால வைச்சு. மறக்கமாட்டன்.

12, வியாழன்

காலமை ஒரு தூறல். புழுதி மணம் மட்டும்.

புரோகிராம் முடிஞ்சுது. ஒவ்வொரு பக்கமாத் துறக்கும். நீல எழுத்துக்குப் பின்னால கிடக்கிற பேரை எடுக்கும். அந்தப் பேரில பைல் இருக்கோ எண்டு டிஸ்க்கைக் கேக்கும். இருந்தாப் போகவிடும், இல்லாட்டி மறிச்சு வைக்கும். பேர்: சென்றி, கேற்றில காவல் நிக்கிற ஆமிக்காரன் மாதிரி. சேர் விழுந்து விழுந்து சிரிச்சார். “அப்ப இதுக்கும் பாஸ் காட்டவேணுமோ?”

எல்லாரும் போனாப்பிறகு ஓடவிட்டுப் பாத்தன்.

லெ.யின்ர பாதி: ஒண்டும் அறவில்லை. ஒண்டுகூட.

என்ர பாதி: அறுந்தது கொஞ்சம் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் முழுக்க அந்தரத்தில நிக்குது.



13, வெள்ளி

கோயிலுக்குப் போகேல்லை. தலையிடி.

என்ர பிழையளைத் திருத்திப்போட்டன், அது பெரிய வேலை இல்லை. ஆனா ரெண்டு பேருக்கும் பிழை இல்லையெண்டா சேர் ஆரை வைச்சிருப்பார்? லெ.யைத்தான். தாய்க்குச் சீனி வருத்தம், காலில புண் எண்டு ஆளுக்கு இரக்கம். ஆசுப்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை பாத்து வைச்சிருக்கிறாளாம், வேலை நிலைச்சா தாயை முகாமில இருந்து வெளியில எடுக்கலாமாம். வேலைக் கடிதம் இல்லையெண்டா அவளுக்கே வெளியில வரேலாது, பிறகு தாய் எங்க. இதைச் சேருக்கு ரெண்டு தரம் சொல்லிட்டாள். எனக்குப் பத்துத் தரம்.

எனக்கு ஒரு புண்ணும் இல்லை. அதுதான் என்ர பிழை.

வேலை போனா பாஸும் போகும். பாஸ் போனா வவுனியாவில நிக்கேலாது, முத்தையன்கட்டு, அண்ணா வீடு, அண்ணியின்ர குசினி. ‘மச்சாள், இந்தச் சட்டியை ஒருக்கா.’ ‘மச்சாள், பிள்ளைக்கு ஒருக்கா.’ முப்பத்தஞ்சு வயசில அடுப்படிக்குள்ள பாய் விரிக்கச் சொல்லுவாள். நான் போகமாட்டன். செத்தாலும் போகமாட்டன்.

சென்றியில ஒரேயொரு இடம் மாத்தினன். இனி டிஸ்க்கைக் கேக்காது. நான் அடிச்சு வைச்ச ஊர்ப்பேர்ப் பட்டியலைப் பாக்கும். முதல் எழுத்துப் பெரிசு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேணும். எங்கட கொம்பியூட்டருக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒண்டுதான், அமத்தினாத் துறக்கும். சென்றிக்கு வேற.

ஓடவிட்டன். நான்: ஒண்டும் இல்லை. லெ.: பிரிண்டர் நிக்கவேயில்லை.

நல்ல நித்திரை.

16, திங்கள்

வெயில். உடுப்புக் காய்ஞ்சுது.

பேப்பரைச் சேரின்ர மேசையில வைச்சன். பாத்தார், திருப்பிப் பாத்தார். லெ.யைக் கூப்பிட்டார்.

லெ. வாசிச்சாள். முகம் கறுத்துப்போச்சு. “இல்லீங்க சேர். நான் ஒண்ணொண்ணா அமுத்திப் பாத்துதான் வெச்சேன். எல்லாம் தொறக்குதுங்க. வந்து பாருங்க.”

சேர் மௌஸைத் தொடமாட்டார். பாம்பைப் பாக்கிற மாதிரித்தான் அதைப் பாக்கிறது. என்னைப் பாத்தார். “என்ன மலர்?”

“இப்ப துறக்கலாம் சேர். ஒழுங்கில்லாத பேர், எப்பவோ ஒரு நாளைக்கு அறும்” எண்டன். குரல் நடுங்கேல்லை. எனக்கே அதிசயம்.

“மெசினுக்கு ஆரிலயும் கோவம் இல்லைத்தானே பிள்ளை” எண்டார் சேர், லெ.யிட்ட. அவளின்ர சொல்லையே திருப்பிக் குடுத்தார். 

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் துறக்காம இருந்தாள். பருப்பும் கத்தரிக்காயும். எனக்குத் தெரியும், மணந்தது.

பிறகு கிட்ட வந்து மெதுவாக் கேட்டாள்: “மலரக்கா, அந்தக் கீபோட்டைக் கொஞ்சம் மாத்திக்குடுத்தா, ராவும் பகலுமா இருந்து எல்லாத்தையும் பெரிய எழுத்தா மாத்திருவேன். சேர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுறீங்களா?”

சொல்லுறன் எண்டன். சொல்லேல்லை.

27, வெள்ளி

தீவாளி முடிஞ்சுது. லெ. முறுக்குக் கொண்டுவந்தவள், எல்லாருக்கும் ஒவ்வொரு கடதாசிச் சரை. எனக்கும். எண்ணெய் நல்ல எண்ணெய் இல்லை. திண்டன்.

பம்புப் புத்தகம் பிளொப்பி டிஸ்க்குகளில ஒப்பிஸ் வானில கொழும்புக்குப் போயிட்டுது. லெ.யின்ர பாதி திருத்த நேரம் இல்லையெண்டு அப்பிடியே போனது. அங்க இருந்து வெளிநாட்டுக் கொம்பியூட்டரில ஏத்துவினமாம், உலகம் முழுக்கப் பாக்கலாமாம். ஒட்டுசுட்டான் பம்பை உலகம் பாக்கட்டும்.

31, செவ்வாய்

மழை பிடிச்சிட்டுது. ஒப்பிஸ் முத்தத்தில கணுக்காலளவு தண்ணி.

லெ.க்குக் கடைசி நாள். கீபோட்டை ஈரத்துணியால துடைச்சு, கட்டைகளுக்கு இடையில ஈர்க்கால கிண்டி, துணி போட்டு மூடி வைச்சாள். ஆருக்கு? சேரின்ர காலில விழப்போனாள், சேர் பதறி எழும்பிட்டார். எனக்கு: “வாறேங்க மலரக்கா.”

“ஓம், போட்டு வா.”

வாசலில நிண்டு, “கடுதாசி ஒண்ணு... அம்மாவோட ஆஸ்பத்திரிக்கு மட்டும்...” எண்டு இழுத்தாள். வேலை செய்யிற ஆக்களுக்குத்தான் ஒப்பிஸ் கடிதம் எண்டன். சட்டம் அதுதான். நான் போட்டதில்லை.

அவளின்ர குடை இங்கதான் கிடக்கு. கறுப்பு, ஒரு கம்பி முறிஞ்சது. நான் பிடிச்சுக்கொண்டு வந்திட்டன்.

6 நவம்பர், திங்கள்

கொழும்பில இருந்து போன். சேர் கதைச்சுக் கதைச்சு வேர்த்துப்போனார்.

வெளிநாட்டுக் கொம்பியூட்டருக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறயாம். பெரிய எம் போட்டுக் கூப்பிட்டா, சின்ன எம்காரன் திரும்பியும் பாக்கமாட்டானாம். என்ர பைலுகள் டிஸ்க்கில முழுக்கப் பெரிய எழுத்தில கிடக்கு, பழைய கொம்பியூட்டரில சேமிச்சது. லிங்க்கில முதல் எழுத்து மட்டும் பெரிசு. டிஸ்க்கில எப்பிடிக் கிடக்கு எண்டு நான் பாக்கவேயில்லையே. முல்லைத்தீவுப் பக்கம் முழுக்க அறுந்துபோச்சு. எல்லாம்.

லெ.யின்ரதில பைலும் சின்னது, லிங்க்கும் சின்னது. ஒண்டும் அறவில்லை. அந்தச் செத்த கீபோட்டாலதான். நான் குடுத்த கீபோட்.

கொழும்புக்காரர் கேட்டினமாம், அந்தப் பாதியைச் செய்த பிள்ளை ஆர், அவாவையே எல்லாத்தையும் செய்யச் சொல்லுங்கோ எண்டு. அவாவாம், மரியாதையா.

சேர் நான் முந்தி வைச்ச பேப்பரை எடுத்துத் திரும்பப் பாத்தார். பிறகு: “மலர், உம்மட சென்றி ஆரை மறிச்சது, ஆரை விட்டது?”

நான் குனிஞ்சு பிரிண்டருக்குள்ள பேப்பர் அடுக்கினன்.

“முகாமுக்கு ஒரு கடிதம் அடியும். நாளைக்கே போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். உம்மட விசயம் பிறகு பாப்பம்.”

பிறகு பாப்பம் எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியாதோ. அண்ணியின்ர அடுப்படி தெரியுது.

7, செவ்வாய்

இடியும் மழையும். போகேலாது எண்டன். சேர் நம்பேல்லை, ஆனா மழையைப் பாத்துப் பேசாமல் இருந்தார்.

கடிதம் அடிச்சன். ஒப்பிஸ் முத்திரை, சேரின்ர கையெழுத்து, எல்லாம் ஒழுங்கு. அட்டை இலக்கம் தாற வழக்கம் இந்தக் கடிதத்தில இல்லை, பேர் மட்டும்தான். எல்லுக்குப் பிறகு விரல் கொஞ்சம் நிண்டது. ஏ.

சேர் வாசிக்காமக் கையெழுத்து வைச்சார்.

8, புதன்

மழை விட்டுட்டுது. வெயில் முகத்தில அடிச்சுது. சைக்கிளில முகாம்வரை. செயின் ரெண்டு தரம் கழண்டது. கை முழுக்கக் கிறீஸ்.

கேற்றில ஒரு ஆமிப் பொடியன், மீசை இன்னும் ஒழுங்கா வரேல்லை. கடிதத்தை வாங்கினான். பேர் எழுதின கொப்பியில விரலை வைச்சு மேல இருந்து கீழ இழுத்தான். திரும்ப இழுத்தான்.

“மிஸ், இந்தப் பேர் இல்ல. வேற பேர்?”

பைப்படியில நிரை நிண்டுது. வாளியோட லெ., கடைசிக்கு முதல் ஆள். மெலிஞ்சிட்டாள். என்னைக் கண்டிட்டாள். வாளியை வைச்சிட்டுக் கம்பிவரைக்கும் ஓடி வந்தாள், சேத்துக்குள்ள வெறுங்காலோட.

“மலரக்கா. மலரக்கா, எனக்கா?”

கேற்றுக்கும் கம்பிக்கும் நடுவில ஒரு லொறி நிண்டு இரைஞ்சுகொண்டிருந்தது. அவனுக்கு அவள் கூப்பிட்டது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஒரு எழுத்து. ஈ எண்டு விரலால காட்டினாப் போதும், பேனை என்ர கையிலதான் இருந்தது.

பொடியன் பாத்துக்கொண்டு நிண்டான், நல்ல பொடியன். “மிஸ், வேற மாதிரி எழுதுவாங்களா?”

“இல்லை. இதுதான் சரியான எழுத்து.”

கடிதத்தை மடிச்சுத் திருப்பித் தந்தான். சைக்கிளைத் திருப்பினன். பின்னால அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு தாயைப் பற்றி என்னவோ சொன்னாள். ‘காலு’ எண்டது மட்டும் விளங்கிச்சு. லொறி இரைச்சல்.

சேரிட்டச் சொன்னன், அப்பிடி ஒராள் அங்க இல்லையாம் சேர், எங்கயோ மாறிப் போட்டினமாக்கும். கடிதத்தை மேசையில வைச்சன். சேர் கண்ணாடியைப் போட்டு அதை வாசிக்கேல்லை. யன்னலுக்கால வெளியில பாத்துக்கொண்டிருந்தார். “அப்ப நீரே எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கும்” எண்டார்.

அவளின்ர துணியை எடுத்துப்போட்டு அந்தப் பழைய கீபோட்டில இருந்து துவங்கினன். இந்த வேலைக்கு அதுதான் நல்லது. கட்டையள் சுத்தமா இருக்கு.

நாளைக்கு: சவர்க்காரம். சைக்கிள் செயின். என்ர பாஸ் கடிதம். இந்தக் கொப்பியில முன்னுக்கு எல்லா இடமும் லெ. எண்டு கிடக்கு, ஆரும் பாத்தா எனக்கு அட்டையில உள்ள எழுத்துத் தெரியும் எண்டு விளங்கிப்போகும். ல. எண்டு திருத்தவேணும்.