வைக்கோலில் வடித்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஆய்வுகூடத்தில் வைக்கோல் நறுக்கல், இரண்டு சாக்கு. கையெல்லாம் அரிப்பு.

ஹல்துமுல்லைத் தோட்டத்திலிருந்து அக்கா கடிதம். பாப்பாவுக்கு நாலு மாதம். போன மாதம் உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாய்த் தண்ணீரில் தேயிலை உரத்தின் நைத்திரேற்று, கைக்குழந்தைக்கு நஞ்சு; அந்தத் தண்ணீரில்தான் பால்மா கரைத்திருக்கிறாள். கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்றக் கூடும். இப்போது விடியுமுன் மேல்மலை ஊற்றுக்கு ஒரு மணி நேர நடை. பிறகு கொழுந்து பறிக்க.

நைத்திரேற்றை வைக்கோலால் வடிக்க ஆய்வு நடத்தும் எங்கள் நஸீர் சேரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தார். "இன்னும் ரெண்டு சாக்கு நறுக்குங்க புள்ள."

மார்ச் 7, வெள்ளி
வைக்கோலைக் காரத்தில் ஊறவைத்து, அமீன் என்கிற மருந்தை ஊற்றிச் சூடாக்கி, கழுவிக் காயவைத்தாயிற்று. நாற்றம்! அழுகின மீன் தோற்றது. பஸ்ஸில் கண்டக்டர்: "யாருங்க கருவாட்டு மூட்டைய உள்ள ஏத்துனது?" எல்லாரும் என்னைப் பார்க்க, நான் சன்னலைப் பார்க்க. பக்கத்துச் சீட் காலி. ஹாலிஎல வரை சொகுசு. வீட்டில் இவர், "மீன் எங்க?" என்று பையைத் துழாவினார்.

வாங்க: வாசனைச் சோப்பு, கை தேய்க்கப் புளிப்புத் தேசிக்காய், நூல்.

மார்ச் 12, புதன்
அக்கா கொடுத்தனுப்பிய பீலித் தண்ணீரில் சோதனை மருந்து விட்டால் நல்ல மஞ்சள். அதுதான் நைத்திரேற்று. குழாயில் அடைத்த நம் வைக்கோலில் வடித்த பிறகும் இளமஞ்சள். சே.

சேர்: "குழாய்க்குள்ள இடைவெளி. இறுக்கி அடைங்க."

மார்ச் 13, வியாழன்
இறுக்கி அடைத்தேன். சொட்டுச் சொட்டாக. நிறமே இல்லை! மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை சேரே செய்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "அல்லாஹ்! பச்சத் தண்ணியா நிக்குதே!" அதட்டாமல் பேசத் தெரியாத மனிதர், நடைவழியில் ஓடினார்.

வைக்கோல் களைத்தால் உப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், மறுபடி வேலை செய்கிறது. கடை உப்பு!

"அக்காவுக்குக் கொண்டு போகட்டுங்களா சேர்?"

"ஏலாது. மருந்து ஏதும் தண்ணியில எறங்குதான்னு கொழும்புல பாக்கணும். பச்சப்புள்ள குடிக்கிறது."

கோபம். ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

மே 9, வெள்ளி
கொழும்பிலிருந்து தாள் வந்தது. மருந்து எதுவும் தண்ணீரில் இறங்கவில்லை! சேர் முதல் கிளாஸ், நான் இரண்டாவது. ருசி? தண்ணீர் ருசி.

மே 10, சனி
அக்கா லயம். வெயில். பீப்பாய்க்கு அடியில் குழாய் மாட்டினேன்.

"வைக்கலாடி இது? மாட்டுக்குப் போடுறதா?"

"ஆமா."

"எம்புள்ள என்ன கன்னுக்குட்டியா?" சிரிப்பு அடங்கவில்லை இருவருக்கும்.

வடித்ததைச் சோதித்தேன், நிறமில்லை. பிறகுதான் பால். பாப்பா போத்தல் முழுக்கக் குடித்து, ஏப்பம் விட்டு, என் தோளில் கக்கினாள். பொழுது சாயும்வரை உதட்டையே பார்த்திருந்தோம். சிவப்பு. நல்ல சிவப்பு.

மே 11, ஞாயிறு
விடிந்து வெகுநேரம். கூரைத் தகரத்தில் வெயில். பாப்பா சிணுங்கினாள். அக்கா வாய் திறந்து தூக்கம். ஊற்றுக்கு நடக்காத காலை, இத்தனை மாதத்தில் இப்போதுதான். எழுப்பவில்லை. பாலை நானே கரைத்தேன்.