டேன் அறுபதும் அடுக்களைச் சுவரும்

என் பொல்லாத ரஜியா மைனிக்கு,

உங்க மேல எனக்குக் கோபம். மவுத்தானவங்களைக் கோவிக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்றார். அவருக்கென்ன, பொண்டாட்டியை விட்டுக்கொடுக்க மாட்டார். அவரா ஸைன், காஸ், டேன்னு நாக்கு சுளுக்கிக்கிட்டுக் கிடக்கார்?

நானா படிப்புக் கேட்டேன்? மட்டாஞ்சேரியில் ஒரு தையல் கடை, அதில் ஒரு மெஷின், பக்கத்தில் சாயா. நிம்மதியா இருந்தேன். "பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவங்க எந்த வயசிலயும் பத்தாம் கிளாஸ் எழுதலாமாம். ஞாயிற்றுக்கிழமைதான் வகுப்பு. தனியாப் போக வெக்கமா இருக்கு, நீயும் வா மும்தாஜ்" என்று என் கையைப் பிடித்து இழுத்தது யார்? சரி, பாவமேன்னு வந்தேன். முக்கோணப் பாடம் தொடங்குகிற வாரம் பார்த்தா உங்களுக்கு நெஞ்சுவலி வரணும்? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரக்கூட விடலையே.

வகுப்பை விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா பெஞ்சில் உங்க இடத்தில் யாரோ பையை வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறே போய் உட்கார்ந்துவிட்டேன். புத்தி எங்கே போச்சோ!

என்ன பாடம் மைனி இது? கோணத்துக்கு எதிரே இருப்பது எதிர்ப்பக்கம், ஒட்டி இருப்பது அடுத்துள்ள பக்கம். சரின்னு மனப்பாடம் பண்ணினா, டீச்சர் வேறொரு மூலையில் விரலை வைத்து, "இனி இந்தக் கோணம்" என்கிறார். உடனே ரெண்டு பக்கமும் பேரை மாற்றிக்கொள்கின்றன. கர்ணம் மட்டும்தான் சொன்ன சொல் மாறாமல் கிடக்கிறது. புத்தகம் மலையாளத்தில், திட்டுறது மட்டும் நான் தமிழில்.

இங்கே நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. இந்த மழையில் பக்கத்து வீட்டு ஜோசப்பு சேட்டனோட தென்னைமரத்தின் மூட்டு மண் அரித்துப்போச்சு. வேரெல்லாம் வெளியே. காற்றடித்தால் உங்க அடுக்களைப் பக்கம்தான் விழும். வெட்டச் சொல்லி அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். சேட்டன் அசையவில்லை. "அது அவிடெ வரெ எத்தில்ல" என்கிறார். அவ்வளவு தூரம் எட்டாதாம்! விழுந்தால் அடியில் நிற்பது அவரா? காலையில் சாயா போட அண்ணன்தானே அங்கே நிற்கிறார்?

எனக்கு எரிச்சல் தாங்கல. டீச்சர் செய்யச் சொல்லியிருந்த கருவியை எடுத்தேன். பாகைமானியின் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நுனியில் மெஷின் பாபினைத் தொங்கவிட்டிருந்தேன். ஸ்ட்ரா வழியாக மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். மிளகுக் கிடங்குச் சுவரில் முதுகு முட்டும்போது நாற்பத்தைந்து பாகை வந்தது. டேன் நாற்பத்தைந்து ஒன்று. அப்போ மரத்துக்கும் எனக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் உயரம். அண்ணன் இஞ்ச் டேப்பின் நுனியைப் பிடித்தார். நாற்பத்து மூன்று அடி. அடுக்களைச் சுவர் மரத்திலிருந்து நாற்பத்தாறு அடி.

எட்டாது! சேட்டனுக்கு ஒரே சந்தோஷம். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்தனுப்பினார். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெருமையாகச் சொன்னால் டீச்சர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மும்தாஜ், தரையில் படுத்துக்கிட்டா பார்த்தீங்க?" எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கித் தொலைத்தது. நின்றுகொண்டு பார்த்தால் முக்கோணம் என் கண்ணிலிருந்துதான் தொடங்குது. கண் வரைக்குமான உயரத்தையும் கூட்டணும். அது கிட்டத்தட்ட ஐந்து அடி. ஆக மரம் நாற்பத்தெட்டு. அடுக்களைக்குள் ரெண்டடி வந்து விழும்!

ஓட்டமாய் ஓடி வந்து சொன்னால் சேட்டன் சிரிக்கிறார். "எத்தில்லன்னு நீதானே மோளே பறஞ்ஞது? கணக்கும் மழை போலயா, நேரத்துக்கு நேரம் மாறுமோ?"

அழுகையா வந்தது மைனி. ஆனா விடல. "நீங்களே வந்து பாருங்க" என்று அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை மரத்துக்குக் கிட்டப் போய், அறுபது பாகை வரும் இடத்தில் நின்றேன். தூரம் இருபத்தைந்து அடி. டேன் அறுபது ஒன்று புள்ளி ஏழு மூன்று. பெருக்கினால் நாற்பத்து மூன்று, கொஞ்சம் மேலே. கண்ணுயரம் ஐந்தைக் கூட்டினால் மறுபடியும் அதே நாற்பத்தெட்டு! சேட்டன் ஸ்ட்ராவை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்புறம் அடுக்களை வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தார். "ஆளை விளிக்காம்" என்றார். வெட்ட ஆள் கூப்பிடுறாராம்!

மறுநாளே ஆள் வந்து, உச்சியிலிருந்து துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றில் இறக்கினான். நமக்கு நிம்மதி. சேட்டனுக்குத்தான் ஆறவில்லை. துண்டுகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றாக அளந்தார். நாற்பத்தேழு. "ஒரு அடி கூடுதல் சொல்லிட்டியே மோளே!" தெரு முழுக்கக் கேட்டது. அந்த ஒரு அடி எங்கே போச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல. பாபின் ஆடியிருக்குமோ?

அப்போ அண்ணன் சொன்னார்: "அவ இருந்திருந்தா அந்த ஒரு அடிக்காக உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா." நீங்க போனதிலிருந்து அவர் வாயில் உங்க பேச்சு வந்தது அன்றைக்குத்தான். ரெண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் உள்ளே போய் அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டார். கழுவ ஒரு பாத்திரம்கூட இல்லை. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் உள்ளே போகல.

பரீட்சை எழுதினேன். பாஸ். கணக்கிலும்தான், நம்புங்க.

இதோடு விட்டதா? இப்போ அண்ணன் அதே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பேர் கொடுத்திருக்கார். மீசை நரைச்சாச்சு, உங்க புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் எதுன்னு கேட்டா கர்ணத்தைத் தொடுறார். சொல்லிக்கொடுத்தா தலையாட்டுறார். திருப்பிக் கேட்டா மறுபடியும் கர்ணத்தைத்தான் தொடுறார். எப்படி மைனி இந்த மனுஷனோட குடும்பம் நடத்தினீங்க?

ஒண்ணு மட்டும் வாக்குத் தர்றேன். அவர் பாஸாகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவேன். உங்க பங்குக்கும் சேர்த்துக் கத்துவேன்.

உங்க நாத்தனா,
மும்தாஜ்